தூக்குவதற்கு அல்ல, இழுப்பதற்கு: மாதவரத்து டயமண்ட் டி மீட்பு வண்டி – ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் இன்று யாராவது ‘கிரேனைக் கூப்பிடு’ என்றால் வந்து நிற்பது ஹைட்ராதான். பூமை, அதாவது தூக்கும் கையை, முன்னால் நீட்டிக்கொண்டு, சுமையைத் தூக்கியபடியே நகரும் அந்த வண்டி மாதவரம், மணலி, அம்பத்தூர் பக்கம் எந்நேரமும் கிடைக்கும். அப்படிப்பட்ட ஊரில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ராணுவ மீட்பு வண்டி ஒன்று இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதை வைத்திருப்பதில் என்ன அர்த்தம், எந்த வேலைக்கு அது உதவும், எந்த வேலைக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது என்பதை ஒரு மீட்பு வேலையை எடுத்துக்கொண்டு விரிவாக எழுதுகிறேன்.

நான் ராணுவத்தில் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ரெக்கவரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டி என்னுடையதல்ல. மாதவரத்தில் கிரேன் சர்வீஸ் நடத்தும் குடும்பத்தின் சொத்து. இப்போது பார்த்துக்கொள்பவர் மூன்றாம் தலைமுறை. சிக்கலான வேலை வந்தால் எனக்குப் போன் வரும், போய் நிற்பேன். கூலிக்காக மட்டும் போவதில்லை. இந்த மாதிரி வண்டியைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்ற கவலையும் உண்டு.

வண்டியின் கதை

டயமண்ட் டி, சிகாகோவில் இருந்த லாரி நிறுவனம். போருக்காக அது செய்து கொடுத்த 4 டன் லாரிகளில் மீட்பு வேலைக்கென்றே வந்த மாடல் 969. மூன்று ஆக்சில்களுக்கும் விசை போகும் 6×6 வண்டி. எடை பத்து டன்னுக்குச் சற்றுக் குறைவு. பின்னால் ஹோம்ஸ் டபிள்யூ-45 என்ற இரட்டைப் பூம். ஒரு பூமுக்கு 5 டன், இரண்டும் சேர்ந்தால் 10 டன். ஒவ்வொன்றுக்கும் தனி டிரம் (ரோப்பைச் சுற்றும் உருளை), தனி ரோப் (இரும்புக் கம்பிக் கயிறு). ஒரு பூமைப் பக்கவாட்டில் திருப்பிச் சுமையை எடுக்கும்போது மற்ற பூமின் ரோப்பை எதிர்ப்பக்கத்தில் கட்டிக்கொண்டால் வண்டி சாயாது. இந்த ஒரு யோசனைக்காகவே ஹோம்ஸைக் கும்பிடலாம். முன்பக்கம் 15,000 பவுண்டு இழுக்கும் வின்ச் (ரோப்பைச் சுற்றி இழுக்கும் கருவி) தனியாக இருக்கிறது. நம் கணக்கில் 6.8 டன்.

எர்னஸ்ட் ஹோம்ஸ், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் சாட்டனூகாவில் காரேஜ் வைத்திருந்தவர். ஓடைக்குள் விழுந்த ஒரு காரை ஆட்களையும் கப்பியையும் கயிற்றையும் வைத்து மேலே எடுப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. 1916-ல் ஒரு பழைய கேடிலாக் காரின் மேல் மூன்று கம்பங்களை நிறுத்தி, கப்பியும் சங்கிலியும் மாட்டி, மீட்பு வண்டி ஒன்றைச் செய்தார். மீட்பு வண்டித் தொழிலுக்கென ஒரு அருங்காட்சியகம் இன்று அதே ஊரில் இருக்கிறது. இந்தத் தொழில் சேற்றிலும் ஓடையிலும் பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இனிச் சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

போரின்போது பர்மா முனைக்காக இந்தியாவுக்கு வந்து இறங்கிய அமெரிக்க, கனடிய லாரிகள் ஏராளம். போர் முடிந்ததும் அவை டிஸ்போசலில், அதாவது ராணுவம் கழித்துவிடும் விற்பனையில், ஏலத்துக்கு வந்தன. ஃபோர்டு, செவர்லே, ஜி.எம்.சி. ராணுவ லாரிகளின் முதுகில் கிரேன் ஏற்றிய பிரேக்டவுன் வண்டிகளை நெடுஞ்சாலை ஊர்களில் பார்த்து வளர்ந்தவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். மாதவரத்து வண்டியும் அந்த வழியில் வந்ததுதான். இந்த வீட்டுத் தாத்தா வாங்கியது.

அதன் சொந்த எஞ்சின் ஹெர்குலிஸ் ஆர்.எக்ஸ்.சி., 529 கன அங்குலம், 106 குதிரைத்திறன், பெட்ரோல். ஏறக்குறைய 8.7 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சினை நம் ஊரில் யார் வைத்துக் கட்டுப்படியாக ஓட்ட முடியும்? தாத்தா காலத்திலேயே அதைக் கழற்றிவிட்டு, எண்ணூரில் செய்த லேலண்ட் 370 டீசல் எஞ்சினை ஏற்றிவிட்டார்கள். அந்த எஞ்சினைப் பிரித்துக் கட்டத் தெரிந்த மேஸ்திரி இன்றும் கிடைக்கிறார், சாமானும் கிடைக்கிறது. டயர் 9.00-20, நம் லாரிகள் காலங்காலமாக ஓடிய அதே அளவு. பேரிங்கும் ஆயில் சீலும் நம்பரைச் சொன்னால் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்துவிடலாம். கிடைக்காதது ஹோம்ஸ் பகுதிக்கான சாமான்தான். டிரம் புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்) தேய்ந்தால் அம்பத்தூர் லேத்தில் கன்மெட்டலில் கடைந்து போடுகிறார்கள். புஷ் தேய்ந்த டிரம் ஒரு பக்கம் சாய்ந்து ரோப்பைக் குறுக்காகச் சுற்றும். குறுக்கே விழுந்த ரோப் பாரம் ஏறும்போது கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து நசுங்கும். அதனால் இந்தக் கடைசல் வேலையில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஸ்டியரிங் இன்னும் இடப்பக்கம்தான் இருக்கிறது. இது சட்டவிரோதம் என்று வழியில் நிறுத்திச் சொல்பவர்கள் உண்டு. அப்படியில்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-வது பிரிவு, இடப்பக்க ஸ்டியரிங் வண்டியில் விதிப்படியான சிக்னல் கருவி பொருத்தப்பட்டு அது வேலை செய்ய வேண்டும் என்று மட்டும்தான் கேட்கிறது. நடைமுறைச் சிரமம் வேறு: முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்ட வேண்டுமானால் டிரைவருக்கு எதிரே வருவது தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் கிளீனர் பார்த்து ‘வா வா’ என்றோ ‘நில்லு’ என்றோ சொல்ல வேண்டும். அந்தக் கிளீனரைத் தேர்ந்தெடுப்பதில் இந்தக் குடும்பம் காட்டும் கண்டிப்பை நான் மதிக்கிறேன்.

சம்பவம்

வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்திருந்த ஒரு கார்த்திகை. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில், நெமிலிச்சேரிக்கும் மீஞ்சூருக்கும் நடுவே, சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு மனைப் பிரிவுக்குள் இறங்கும் மண் பாதை. எம்-சாண்ட் ஏற்றிய டாரஸ் டிப்பர் (பின்னால் இரண்டு ஆக்சில் உள்ள கனரக லாரி) அதில் இறங்கியிருக்கிறது. மேலே கிராவல் கெட்டியாகத்தான் தெரிந்தது. அடியில் நேற்றுவரை நெல் விளைந்த களிமண். பாதி தூரம் போனதும் இடப்பக்கப் பின்சக்கரங்கள் உள்ளே இறங்கின. டிரைவர் பதறி ஆக்சிலரேட்டரை மிதிக்க, சக்கரம் சுற்றிச் சுற்றித் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. நாங்கள் போனபோது பின் ஆக்சில் இரண்டும் ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடத்தை) தாண்டிப் புதைந்திருந்தன. ஆக்சிலின் நடுவே பல்சக்கரங்களை மூடியிருக்கும் டிப்ரென்ஷியல் ஹவுசிங் களிமண்ணில் அப்படியே உட்கார்ந்திருந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

எங்களுக்கு முன்பே ஒரு 14 டன் ஹைட்ரா வந்திருந்தது. அதன் ஆபரேட்டர் விஷயம் தெரிந்தவர். ‘14 டன்’ என்பது பூமைக் கிட்டத்தில் வைத்துத் தூக்கும்போதுதான். பூம் நீள நீளத் தூக்கும் எடை வேகமாகக் குறையும். மண் பாதைக்குள் இறங்கினால் ஹைட்ராவின் முன்சக்கரமும் புதையும். தார்ச்சாலையிலேயே நின்றால் பூம் எட்டாது. ஒருமுறை பெல்ட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஹைட்ராவின் பின்சக்கரம் லேசாக எழும்பியதும் இறக்கிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். அந்த முடிவுக்காக அவரிடம் நேரே போய்க் கைகொடுத்தேன்.

டிப்பர் முதலாளிக்கு வேறு அவசரம்.

“அண்ணே, உங்க வண்டி மிலிட்டரி வண்டின்னு சொன்னாங்க. அப்டியே ஒரு இழு இழுத்துட்டா வந்துடும்ணே. மணலைக் கீழ கொட்டுனா யாருண்ணே திருப்பி அள்ளுறது?”

“எடைச் சீட்டு இருக்கா தம்பி? மொதல்ல அதக் குடு.”

எடைமேடைச் சீட்டு 28 டன் காட்டியது. வண்டியின் காலி எடை 11 டன். அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்த ஆய்வின் உயிர் அந்தக் கணக்குதான்.

கணக்கு

சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதற்கு ராணுவ மீட்புக் கையேடுகளில் வழிவழியாக வரும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. சக்கரம் ஹப் வரை புதைந்தால் வண்டியின் மொத்த எடைக்குச் சமமான விசை. ஹப்பைத் தாண்டி மட்கார்டு வரை போனால் எடையைப் போல இரண்டு மடங்கு. கேபின் வரை மூழ்கினால் மூன்று மடங்கு. இதோடு சரிவையும் சேர்க்க வேண்டும்: ஏற்றத்தின் ஒவ்வொரு டிகிரிக்கும் எடையில் 60-ல் ஒரு பங்கு. ரோப் போகும் ஒவ்வொரு கப்பியும் தன் பங்குக்கு 10 சதவீதம் தின்னும்.

எங்கள் டிப்பர் இரண்டாம் வகை. பாதை தார்ச்சாலையை நோக்கிச் சுமார் 10 டிகிரி ஏறியது. மணலோடு இழுத்தால் 28-ஐ இரண்டால் பெருக்கி 56 டன், சரிவுக்கு 4.7 டன். ஆக 60 டன்னுக்கு மேல். அந்த விசையைத் தாங்கும் கொக்கி அந்த டிப்பரின் சேஸிஸில் எங்கும் கிடையாது. இழுத்திருந்தால் பின்பக்கம் பிய்ந்து கையோடு வந்திருக்கும், இல்லையென்றால் ரோப் அறுந்து யாரையாவது அடித்திருக்கும்.

மணலை இறக்கிவிட்டால் 11-க்கு இரண்டு மடங்கு 22, சரிவுக்கு 1.8, மொத்தம் 24 டன். பிறகு ஹவுசிங் அடியில் இருக்கும் களிமண்ணை வெட்டி எடுத்து, சக்கரங்களுக்குப் பின்னால் சரிவாகச் சீவிவிட்டால் வண்டி முதல் வகைக்கு வந்துவிடும். அப்போது வேண்டியது 11-உம் 1.8-உம் சேர்ந்து 13 டன்னுக்குள்.

அறுபதிலிருந்து பதின்மூன்று. இந்த வித்தியாசம் முழுவதையும் ஜே.சி.பி.யும் மண்வெட்டியும் செய்கின்றன. எந்தக் கிரேனும் செய்யவில்லை. மீட்பு வேலையைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல விடுவார்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். டிப்பர் முதலாளி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரிண்ணே, எறக்கிடுவோம்” என்றார்.

தொட்டியைத் தூக்கிக் கொட்டிவிடலாமே என்று கிளீனர் பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும் டிப்பரின் தொட்டியைத் தூக்கினால் எடை மேலேறி, அதே பக்கம் கவிழ்ந்துவிடும். அதனால் கெட்டியான வலப்பக்கத்தில் ஜே.சி.பி.யை நிறுத்தி, பின்கையை நீட்டித் தொட்டியிலிருந்து மணலை அள்ளி எடுத்தோம். முதலில் சாய்ந்திருந்த இடப்பக்கத்து மணலைக் குறைத்தோம்.

இழுவை

இனி 13 டன் இழுவையை எப்படிக் கொடுப்பது? டிரம் ஒன்றுக்கு 5 டன். ரோப் 13 மில்லிமீட்டர். நல்ல நிலையில் அது அறுபடும் அளவு ஏறக்குறைய 10 டன். இரண்டு ரோப்பையும் பயன்படுத்தி ஆளுக்குப் பாதி, அதாவது 6.5 டன் என்று பிரித்தோம். இரண்டையும் பூமின் தலையிலிருந்து நேராக டிப்பருக்குக் கொண்டுபோகவில்லை. அத்தனை உயரத்திலிருந்து கிடையாக இழுத்தால் எங்கள் வண்டியின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். பூமைத் தாழ்த்தி, சேஸிஸின் பின்முனையில் மாட்டிய கப்பி வழியாக ரோப்பைக் கீழே இறக்கி, டிப்பரில் மாட்டிய கப்பியைச் சுற்றி, திரும்ப எங்கள் வண்டியிலேயே முனையைக் கட்டினோம். டிப்பருக்கும் எங்களுக்கும் நடுவே பக்கத்துக்கு இரண்டு இழை. பூம் தலையையும் சேர்த்துப் பக்கத்துக்கு மூன்று கப்பி. எனவே 30 சதவீதம் கூடுதல். 6.5 என்பது 8.5 ஆகிறது, இரண்டு இழையில் பகிர்ந்தால் ரோப்பில் 4.2 டன். டிரம்மின் 5 டன்னுக்குள் அடங்குகிறது. அறுபடும் அளவில் பாதியைத் தொடவில்லை.

அடுத்து, நம் வண்டியை யார் பிடித்துக்கொள்வது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் வின்சைப் போடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து டன் வண்டி தார்ச்சாலையில் கட்டை போட்டு நின்றாலும், டயரின் பிடிப்பு எடையில் அறுபது சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 6 டன்தான் தாங்கும். 13 டன்னில் இழுத்தால் டிப்பர் வருவதற்குப் பதில் நாம் சேற்றுக்குள் போவோம். அந்த இடத்தில் சர்வீஸ் ரோடு வளைவது எங்களுக்குத் தோதாக அமைந்தது. டிப்பருக்கு நேர் பின்னால் எங்கள் வண்டி, அதற்கு நேர் முன்னால் ஜல்லி ஏற்றிய இன்னொரு டாரஸ். எங்கள் முன்பக்க சேஸிஸ் கொக்கியிலிருந்து அதன் சேஸிஸுக்கு இரட்டைச் சங்கிலி. அந்த டிரைவர் சென்னைக்குப் போகும் வழியில் நின்று உதவியவர். டீக்குக் கூடக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

போன வழியே பின்னோக்கி இழுப்பது என்று முடிவு. முன்னால் இழுத்தால் புதிய சேற்றை உழுதுகொண்டு போக வேண்டும். பின்னால் சக்கரம் வந்த தடம் ஏற்கெனவே இருக்கிறது. மனைப் பிரிவில் சாரத்துக்கு அடுக்கி வைத்திருந்த சவுக்குக் கட்டைகளை வாங்கி, சீவிய சரிவின் மேல் குறுக்கே நெருக்கமாகப் பரப்பினோம்.

கப்பியை எங்கே மாட்டுவது என்பதில் ஒரு நிமிடம் கவனம் சிதறினாலும் ஆபத்து. கிளீனர் பையன் டிப்பரின் பின் பம்பரில் ஷேக்கிளை (கப்பியை மாட்டும் இரும்பு வளையத்தை) கோத்துக்கொண்டிருந்தான். பம்பர், மற்ற வண்டிகள் அடியில் நுழைந்துவிடாமல் தடுப்பதற்காக வைத்தது. நட்டு போல்ட்டில் நிற்பது. அதை அவிழ்க்கச் சொல்லி, இரண்டு பக்கச் சேஸிஸ் சட்டத்தையும் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்கு முன்னால் சங்கிலியால் சுற்றி, அதில் மாட்டினோம். சட்டத்தின் கூர் விளிம்பு சங்கிலியை வெட்டாமலிருக்கப் பழைய டயர்த் துண்டு.

ஏர் பிரேக் லாரிகளில் இன்னொன்று. டேங்கில் காற்று இல்லையென்றால் பார்க்கிங் பிரேக்கின் ஸ்பிரிங், பின்சக்கரங்களைப் பூட்டிவிடும். பூட்டிய சக்கரத்தை இழுப்பது நங்கூரத்தை இழுப்பது மாதிரி. டிப்பர் எஞ்சினை ஓடவிட்டு, காற்று முழு அளவுக்கு ஏறிய பிறகுதான் மேற்கொண்டு தொட்டோம். டிரைவர் கேபினில் இருந்தார். கியர் நியூட்ரல், ஸ்டியரிங் நேர்.

ரோப்களின் மேல் நனைத்த கோணிச் சாக்குகளைப் போட்டோம். அறுந்தால் துள்ளும் வேகத்தைக் கொஞ்சமாவது குறைக்கும். செல்போனில் படம் எடுக்கக் கூடிய கூட்டத்தை, விரித்திருந்த ரோப்பின் நீளத்துக்கும் அப்பால் ஒரு காவலர் நகர்த்தி நிறுத்தினார். சைகை ஒருவர் கை மட்டும்தான் காட்ட வேண்டும், அது என் கை. ‘நிறுத்து’ என்பதை மட்டும் யார் கத்தினாலும் டிரம் நிற்க வேண்டும். இது எங்கள் வழக்கம்.

லீவரில் இருந்தது உரிமையாளரே. ரோப்புகளில் சம இடைவெளிக்கு வெள்ளைப் பெயின்ட் அடையாளம் போட்டு வைத்திருக்கிறார். இரண்டு டிரம்மிலும் சுற்று ஒரே அளவில் இருக்காது. டிரம்மில் ரோப் அதிகம் சுற்றியிருந்தால் இழுப்பு வேகம் கூடும், விசை குறையும். கடைசிச் சுற்றுக்கு வர வர வேகம் குறைந்து விசை கூடும். அடையாளத்தைப் பார்த்துத்தான் இரண்டையும் சமமாக ஓட்ட முடியும். ரோப் விறைத்தது. முன்சங்கிலி முனகியது. ஜல்லி லாரி அசையவில்லை. இடப்பக்க ரோப் முந்திக்கொண்டு டிப்பரின் வாலை லேசாகத் திருப்பத் தொடங்கியதும் கையை உயர்த்தினேன். அந்த டிரம்மை மட்டும் நிறுத்தி வலது ரோப்பில் இறுக்கத்தைச் சமன் செய்தார். பிறகு கொஞ்சம் இழுத்து, அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

இந்தக் காத்திருப்பைப் பலர் வீண் என்று நினைக்கிறார்கள். களிமண்ணின் பிடி காற்று உள்ளே போகாததால் வருவது. இழுவை நிலையாக நிற்க, ஹவுசிங் ஓரமாகக் கடப்பாரையால் நெம்பி வழி விட்டால் காற்றும் தண்ணீரும் புகுந்து பிடி தளரும். தளர்ந்தது. சக்கரங்கள் சீவிய சரிவில் ஏறி, சவுக்கு மேல் உருண்டு, வண்டி மெல்லத் தார்ச்சாலைக்கு வந்து சேர்ந்தது. மணலை அன்றே ஜே.சி.பி. வேறு வண்டியில் ஏற்றிவிட்டது.

பிறகு செய்தவை

வேலை முடிந்ததும் டிப்பரை அப்படியே அனுப்பிவிடக் கூடாது. பிரேக் டிரம்முக்குள் புகுந்த களிமண் காய்ந்துவிட்டால் லைனரைத் தின்னும். ஹவுசிங்கின் காற்றோட்ட மூடி வழியாகத் தண்ணீர் போயிருந்தால் ஆயில் பால் போல வெளுத்திருக்கும். இரண்டையும் பார்த்துவிட்டு எடுக்கச் சொன்னோம்.

எங்கள் ரோப்புகளை யார்டில் முழுவதும் உருவிப் பார்த்தோம். இடது ரோப்பின் முனை வளையத்துக்குப் பக்கத்தில் சில கம்பிகள் தெறித்திருந்தன. அந்தத் துண்டை வெட்டி எறிந்து முனையைப் புதிதாகக் கட்டினார்கள். யூ-கிளாம்ப் போடும்போது அதன் அடிக்கட்டை பாரம் தாங்கும் நீள ரோப்பின் மேலும், யூ வளைவு வெட்டிய சிறு முனையின் மேலும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் ரோப் நசுங்கும். பிராட்வே கடைகளில் ரோப் வாங்குபவர்கள், ஐ.எஸ். 2266 தரத்துக்குச் சோதனைச் சான்று கேட்டு வாங்குங்கள். சான்று தராத ரோப் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அந்த வேலைக்குப் பிறகு உரிமையாளரோடு உட்கார்ந்து, இந்த வண்டி எந்த வேலையை ஏற்கும் என்பதை எழுத்தில் வைத்தோம். இழுக்கும்போது 4.2 டன் தாங்கிய அதே ரோப், ஆட்களுக்கு மேலே எடையைத் தொங்கவிட்டுத் தூக்கும்போது அவ்வளவு தாங்கலாமா? தூக்குவதற்கு ஐந்தில் ஒரு பங்குதான் எடுக்க வேண்டும்: 10 டன் ரோப்பில் 2 டன், இரண்டு இழையாகப் போட்டால் 4 டன். பூமில் 5 டன் என்று இருப்பது புது இரும்பாக இருந்த காலத்துக் கணக்கு. எண்பது வயது இரும்பில் எந்த வெல்டு எங்கே களைத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே இந்த வண்டி இறந்த லாரியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக் கட்டி இழுத்துப் போகும்; சேற்றிலும் பள்ளத்திலும் சிக்கியதை இழுக்கும்; கவிழ்ந்த கன்டெய்னரை நிமிர்த்தும்போது மறுபக்கம் சடாரென்று விழாமல் பிடித்துக்கொள்ளும். மெஷின் இறக்குவது, ஜெனரேட்டர் ஏற்றுவது எல்லாம் ஹைட்ராவுக்குப் போய்விடும். தொழிற்சாலைக்குள் தூக்கும் வேலைக்கு, 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவும் இருந்தது: தூக்கும் எந்திரம், சங்கிலி, ரோப் எல்லாவற்றையும் தகுதியுள்ளவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுதாகச் சோதித்திருக்க வேண்டும். அந்தச் சோதனையை இவர்கள் வெளிவேலைக்கும் சேர்த்துச் செய்துகொள்கிறார்கள். நியாயமான முடிவு.

வருமானம்? வீட்டுச் செலவை ஓட்டுவது இவர்களுடைய ஹைட்ராக்கள்தான். டயமண்ட் டி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் அதற்கு ஓய்வு கிடையாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் நகரத்து மரங்களைச் சாய்த்துப்போட்டபோதும் அதன் வேலை இழுவைதான்: அறுத்த அடிமரங்களை வின்ச்சால் தெருவிலிருந்து இழுத்து ஓரம் கட்டுவது. கோடையில் வண்டி யார்டில் நிற்கும் நாட்களே அதிகம். அப்போதும் வாரம் ஒருமுறை எஞ்சினைப் போட்டு, டிரம்களைச் சுழற்றி, கிரீஸ் அடிக்கிறார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு

இதைக் கேட்டுவிட்டு ‘எனக்கும் ஒரு மிலிட்டரி வண்டி வேண்டும்’ என்பவர்கள் வருகிறார்கள். இன்று ராணுவம் கழிக்கும் வண்டிகள் எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில் வருகின்றன. இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில் என்பதுதான் நிபந்தனை. ராணுவப் பதிவெண்ணோடு வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது; அரசின் சொத்தாக இருப்பது முடிந்ததும் சாதாரண வண்டியைப் போலவே ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும். அதற்கு ராணுவ அதிகாரி தரும் படிவம் 21 விற்பனைச் சான்று அசலாக வேண்டும். அது இல்லாமல் வண்டியைத் தொடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வயது தாண்டிய அரசு வண்டிகள் பதிவு பெற்ற உடைப்பு நிலையங்களுக்குப் போக வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ராணுவத்தின் சிறப்பு வண்டிகளுக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும், ஏலப் பட்டியலில் ‘ஸ்கிராப்’ என்று போட்ட வண்டியைப் பதிய முடியும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஆலிவ் பச்சையை உடனே மாற்றிவிட வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 121, பாதுகாப்புத் துறை தவிர வேறு யாரும் வண்டிக்கு அந்த நிறம் அடிக்கக் கூடாது என்கிறது. எஞ்சினை மாற்றியிருந்தால் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். மீட்பு வண்டி போக்குவரத்து வாகன வகை என்பதால் வருடா வருடம் எஃப்.சி. உண்டு, பழைய வண்டிக்குக் கட்டணம் பல மடங்கு ஏறியிருக்கிறது. 2021-ல் வந்த பழம்பெரும் வாகன விதிகள் கைகொடுக்குமா என்று கேட்கிறார்கள். அவை இரு சக்கர வண்டிகளுக்கும் கார்களுக்கும். அதிலும் தொழிலுக்கு ஓட்டக் கூடாது. ஆகவே ஏற்கெனவே சிவில் பதிவில் இருந்து, காகிதம் விடாமல் புதுப்பிக்கப்பட்ட வண்டியை வாங்குவதே இன்று நடக்கக்கூடிய வழி.

பார்க்கப் போகும்போது எல்லோரும் எஞ்சினைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். எஞ்சினை மாற்றிக்கொள்ளலாம். பூமின் அடிக்கூட்டில் வெல்டு வைத்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறதா, டிரம் ஷாஃப்டைக் கையால் ஆட்டினால் ஆடுகிறதா, பாரத்தோடு பிரேக் பிடித்து நிற்கிறதா என்று பாருங்கள். ரோப்பை டிரம்மின் கடைசிச் சுற்று வரை உருவச் சொல்லுங்கள். வெளிச்சுற்று பளபளவென்று கிரீஸோடு இருக்கும்; வருடக்கணக்கில் வெளியே வராத உள்சுற்றுகள்தான் துருப்பிடித்து உளுத்துப்போயிருக்கும், அதிக விசை வருவதும் அங்கேதான். விற்பவர் உருவச் சம்மதிக்கவில்லை என்றால் புது ரோப் இரண்டின் விலையையும் டிரம் வேலையின் கூலியையும் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.